மூன்று நாள், மூன்று சுவை: ஒயின் பழக வெரோனாவா, ஆல்பாவா, சியெனாவா?

மிலானில் வீடு வைத்திருப்பவனுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவது நிற்பதே இல்லை. வெனிஸ், ரோம், பைசா கோபுரம் எல்லாவற்றையும் அவர்களே திட்டமிட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. ஒயினை ருசி பார்த்துப் பழக வேண்டும். வெள்ளை, சிவப்பு இரண்டும். எங்கே போகலாம்?"

சென்ற அக்டோபரில் இதைக் கேட்டவர் என் மனைவியின் அண்ணன். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் அவரே சொன்னார்: "பரோலோ, பரோலோ என்கிறார்களே, அங்கே போய்விடலாமே மாப்பிள்ளை?" ஆல்பா பக்கத்துப் பரோலோ கிராமத்தின் பெயரில் விற்கும் சிவப்பு ஒயினைத்தான் சொன்னார். வேண்டாம் மச்சான் என்றேன். ஏன் வேண்டாம் என்று விளக்க ஓர் இரவு முழுக்கப் பேச வேண்டியிருந்தது. இனி வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே திரும்பச் சொல்லத் தெம்பில்லாததால் எழுதி வைக்கிறேன்.

தெற்கை முதலிலேயே தள்ளிவிட்டேன். நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லினோ மலைகளில் விளையும் ஃபியானோ என்ற வெள்ளையும், எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே என்ற சிவப்பும் எனக்கு உயிர். ஆனால் மிலானிலிருந்து மூன்று நாளில் அவற்றைத் தொட்டுத் திரும்புவது ஓட்டப்பந்தயம். மிஞ்சியவை மூன்று: வெரோனா, பியெமொந்தே மாநிலத்தின் ஆல்பா, டஸ்கனியில் புளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவிலுள்ள கியாந்தி மலைகள்.

ஊர்ப் பெயர்களை ஒதுக்கிவிட்டு நாக்கிலிருந்து தொடங்கினால் தேர்வு எளிதாகிவிடும். ஆங்கில ஒயின் புத்தகங்கள் துவர்ப்பைச் சுவையாகச் சேர்ப்பதில்லை; வாயில் தோன்றும் ஓர் உணர்வு என்று தனியே வைக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வழுவழுப்புப் போய் வாய் வறண்டு இழுக்கிறது. ஆனால் அறுசுவையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்து, வாழைப்பூவும் நாவற்பழமும் கொட்டைப்பாக்கும் தின்று வளர்ந்தவர்களுக்கு அது புதிய அனுபவம் அல்ல. இருந்தும், சிவப்பு ஒயினை முதல் முறை வாயில் வைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் "கசக்கிறதே" என்றுதான் முகம் சுளிக்கிறார்கள். கசக்கவில்லை, துவர்க்கிறது. கசப்பு விழுங்கிய பின் அடிநாக்கில் தங்கும். துவர்ப்பு ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுக்கும். புளிப்பு வாயில் நீர் ஊற வைக்கும். ஒரு மடக்குக்குப் பிறகு வாய் ஈரமாகிறதா, வறள்கிறதா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். பழ வாசம், பூ வாசம் எல்லாம் அப்புறம் வரட்டும்.

இந்தக் கணக்கில் சியெனா புளிப்பின் ஊர், ஆல்பா துவர்ப்பின் ஊர். வெரோனாவில் வெள்ளையிலும் சிவப்பிலும் முடிவில் தலைகாட்டுவது மெல்லிய கசப்பு. பாகற்காயை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையாகத் தெரியாது.

என் ஓட்டு வெரோனாவுக்குத்தான். முதல் காரணம் வெறும் பூகோளம். நகரத்துக்குக் கிழக்கே இருபத்தைந்து கிலோமீட்டரில் சோவாவே இருக்கிறது, அங்கே வெள்ளை. வடமேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் வால்போலிச்செல்லா, அங்கே சிவப்பு. ஒரே அறையில் தங்கிக்கொண்டு ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் மேற்கே போய் வரலாம். காரும் வேண்டாம். மிலானிலிருந்து வெரோனாவுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து விச்சென்ஸா போகும் சாதாரண ரயிலில் ஏறி சான் போனிஃபாச்சோவில் இறங்கினால், சோவாவே நான்கு கிலோமீட்டர். வால்போலிச்செல்லா கிராமங்களுக்கு வெரோனாவிலிருந்தே பஸ் போகிறது.

சோவாவே என்ற பெயரைக் கேட்டதும் ஒயின் தெரிந்தவர்களில் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் மேல் தவறில்லை. 1968இல் இந்தப் பெயருக்கு எல்லை வகுத்தபோது பழைய மலைச்சரிவுகளோடு கீழேயுள்ள வளமான சமவெளியையும் சேர்த்துவிட்டார்கள். சமவெளியில் கொடி காய்த்துத் தள்ளியது. மலிவான, தண்ணீர் போன்ற சோவாவே அமெரிக்க உணவகங்களை நிறைத்தது, பெயரும் கெட்டது. ஆனால் சோவாவேக்கும் மொந்தெஃபோர்த்தேக்கும் மேலே எரிமலைக் கல் கலந்த கரிய மண்ணுள்ள சரிவுகள் எங்கும் போய்விடவில்லை. பியரோபான் குடும்பம் 1971இல் கால்வாரினோ என்ற ஒரே தோட்டத்தின் பழத்தைத் தனியாகப் புட்டியில் அடைத்துக் காட்டியது. இன்று புட்டியின் மேல் 'கிளாசிக்கோ' என்ற சொல் இருந்தால் அது அந்தப் பழைய மலைப்பகுதியின் ஒயின். நான் கடையில் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

திராட்சையின் பெயர் கர்கானெகா. எழுபது சதவீதமாவது அது இருக்க வேண்டும் என்பது விதி. இளம் ஒயினில் பேரிக்காயும் வெள்ளைப் பூவும் மணக்கும் என்பார்கள். எனக்கு நுங்கு நினைவுக்கு வரும். அது என் சொந்தப் பைத்தியமாகவும் இருக்கலாம். முடிவில், பாதாம் பருப்பைத் தோலோடு மென்றால் வருமே, அந்தக் கசப்பு.

"வெள்ளை ஒயின் என்றால் சிவப்பு கிடைக்காதபோது குடிப்பதுதானே" என்று ரயிலில் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் மச்சான். சோவாவே கோட்டைக்குக் கீழே ஒரு சிறிய பண்ணையில் எங்களுக்கு ஊற்றிய அம்மாள் எதுவும் பேசாமல் இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்தார். ஒன்று வெளிர் மஞ்சள், மற்றது பொன்னிறம். மச்சான் இரண்டாவதை முகர்ந்தார், சுழற்றினார், மறுபடி முகர்ந்தார். "இது வேறு திராட்சை" என்றார். இல்லை. அதே தோட்டம், அதே திராட்சை, பத்து வருடம் மூத்தது. தேனும் உலர்ந்த பழமும், அப்போதுதான் கிழித்த தீக்குச்சியின் வாசமும் இருந்தன. வாயில் வைத்தால் புளிப்பு மட்டும் இன்னும் இளசாகவே இருந்தது. நல்ல வெள்ளை ஒயினைக் காலம் தாங்க வைப்பது அந்தப் புளிப்புதான். ஊறுகாயைக் கெடாமல் வைத்திருக்கும் அதே காவல்காரன். அதன் பிறகு மச்சான் திரும்பும் ரயில் வரும்வரை சிவப்பைப் பற்றிப் பேசவில்லை.

வெப்பநிலையையும் அங்கேதான் அவருக்குச் சொன்னேன். வெள்ளையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் நாக்குக்குக் குளிர்ச்சி மட்டுமே தெரியும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு ஏற விட்டால்தான் வாசம் எழும். சிவப்புக்கு 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருப்பது, கல் சுவரும் குளிர்ந்த நிலவறையும் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியது. அவர்கள் கணக்கில் அது பதினாறு, பதினெட்டு டிகிரி. மதுரையில் மே மாதத்து அறை வெப்பநிலையில் பரோலோ குடித்தால் சாராய நெடிதான் மிஞ்சும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வால்போலிச்செல்லாவை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் ஒயின்கள் இத்தாலியிலேயே சிறந்தவை என்பதல்ல; அப்படி நான் நினைக்கவும் இல்லை. ஒரே திராட்சைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, செய்முறை சுவையை எப்படி மாற்றுகிறது என்பதை ஒரே மேசையில் காட்டிவிடுகிறார்கள். கோர்வினா, கோர்வினோனே, ரொந்தினெல்லா மூன்றும்தான் முக்கியம். பறித்தவுடன் பிழிந்து நொதிக்கவிட்டால் சாதாரண வால்போலிச்செல்லா: இலேசானது, புளிப்புச் செர்ரியும் மிளகும் கலந்த வாசம், மதியச் சாப்பாட்டுக்கு ஏற்றது. அதே பழத்தை மச்சுகளில் தட்டுத் தட்டாகப் பரப்பி, காற்றாட மூன்று நான்கு மாதம் வற்றவிட்டால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வற்றல் போடுவது போலத்தான், வெயில் மட்டும் கிடையாது. அந்தச் சுண்டிய பழத்தைப் பிழிந்து, சர்க்கரை தீரும்வரை நொதிக்கவிட்டால் அமரோனே. பதினைந்து, பதினாறு சதவீதம் ஆல்கஹால் உள்ள முரட்டு ஒயின்.

அமரோனே பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையை வீணாக்குவதில்லை. சாதாரண வால்போலிச்செல்லாவை அதன்மேல் ஊற்றிச் சில நாள் ஊற வைக்கிறார்கள். ஃபில்டரில் இரண்டாம் டிகாஷன் இறக்குவது மாதிரி, ஆனால் வெந்நீருக்குப் பதில் ஒயின். அதன் பெயர் ரிபாஸ்ஸோ. நான்காவது ரெச்சோட்டோ: சர்க்கரை தீருமுன் நொதித்தல் நின்றுவிட்ட இனிப்பு ஒயின், இவற்றில் மிகப் பழையது. ஒரு பீப்பாயை மறந்துபோய் விட்டுவிட, அது முழுக்க நொதித்து இனிப்பு போய்விட்டதென்றும், 1936இல் நெக்ரார் கூட்டுறவு ஆலையில் அதைச் சுவைத்த நிலவறைத் தலைவர் "இது கசப்பு அல்ல, பெரும் கசப்பு" என்று வியந்ததில்தான் அமரோனே என்ற பெயர் பிறந்தது என்றும் கதை சொல்வார்கள். 'அமாரோ' என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் அமரோனேக்களில் பல, பழக் கூழைக் காய்ச்சி ஆல்கஹால் ஊற்றியது போல இருக்கும். நல்லதே ஆனாலும் இரண்டு கோப்பைக்கு மேல் அது சாப்பாட்டை விழுங்கிவிடும். ரிபாஸ்ஸோ என்ற பெயரில் இரண்டுங்கெட்டானாக விற்பதும் நிறைய. எனக்குப் பிடித்தது அந்த எளிய முதல் ஒயின்தான். பண்ணைக்காரர்கள் விலை உயர்ந்ததை நோக்கித்தான் உங்களை நகர்த்துவார்கள். வரிசையாகச் சுவைத்துவிட்டு முதல் கோப்பைக்குத் திரும்பி வாருங்கள்.

இனி ஆல்பா. என் மனம் இருப்பது அங்கேதான் என்பதை ஒளிப்பதில் பயனில்லை. லாங்கே மலைகளில் அக்டோபர் காலைப் பனிமூட்டம் திராட்சைக் கொடிகளுக்குக் கீழே ஏரி போலத் தேங்கி நிற்கும். நெபியோலோ என்ற பெயரே மூடுபனியைக் குறிக்கும் 'நெபியா'விலிருந்து வந்தது என்பது பொதுவான நம்பிக்கை. 2014இல் இந்த நிலக்காட்சி யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அந்த நெபியோலோ ஒன்றை மட்டுமே கொண்டு செய்வதுதான் பரோலோவும் பார்பரெஸ்கோவும்.

கோப்பையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் கலந்த மாதுளைச் சாறு போல வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் காட்டும். இதில் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு மடக்கு எடுத்தால், பச்சை வாழைக்காயைக் கடித்தது போல வாய் கட்டிக்கொள்ளும். முகர்ந்தாலோ பன்னீர் ரோஜாவும் புதிதாகப் போட்ட தார்ச் சாலையும். இந்த முரண்தான் அதன் அழகு. ஆனால் பழகாத நாக்குக்கு முதல் நாளே ஆறு இளம் பரோலோக்களை வரிசையாகக் கொடுத்தால் நான்காவதில் ஈறு மரத்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பரோலோவை 38 மாதம் வைத்திருந்து, அதில் 18 மாதம் மரத்தில் முதிரவிட்ட பிறகே விற்கலாம் என்பது சட்டம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும். அத்தனையும் கழிந்து கடைக்கு வந்த பிறகும் அது இன்னும் பத்து வருடம் பொறு என்று சொல்லும் ஒயின். மூன்று நாள் விருந்தாளிக்கு எங்கே பத்து வருடம்?

எந்த மரம் என்பதில் அங்கே குடும்பங்களே பிளந்திருக்கின்றன. பெரிய பழைய பீப்பாய்களா, பிரெஞ்சு ஓக்கில் செய்த சிறிய புதிய பீப்பாய்களா என்ற சண்டை அது. லா மொர்ராவைச் சேர்ந்த ஏலியோ ஆல்தாரே 1980களில் தந்தையின் பெரிய பீப்பாய்களை மின் ரம்பத்தால் அறுத்தெறிந்தார். தந்தை அவருக்குச் சொத்து வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்ற பர்த்தோலோ மஸ்கரெல்லோ, அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் வம்புக்கு இழுத்து, 'சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று தம் கையால் சீட்டு வரைந்து புட்டியில் ஒட்டினார். இன்று இருதரப்பும் நடுவில் எங்கோ வந்து சேர்ந்துவிட்டது. ருசிப்பவருக்கு ஒரு சிறு குறிப்பு போதும்: ரோஜாவுக்கு முன்னால் வெனிலா வாசம் வந்தால் அது புது மரம் பேசுகிறது.

ஆல்பாவில் பழகுபவர்களுக்கு உண்மையான பள்ளிக்கூடம் பரோலோ அல்ல. பார்பேரா, தொல்செத்தோ என்ற இரண்டு எளிய சிவப்பு ஒயின்கள். பார்பேராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. தொல்செத்தோவில் துவர்ப்பு உண்டு, புளிப்பு குறைவு. இரண்டும் மலிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிச் சுவைத்தால் நான் மேலே நீட்டி முழக்கியது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

வெள்ளையில்தான் ஆல்பா தோற்கிறது. தனாரோ ஆற்றுக்கு அக்கரையில் ரொவேரோ மேடுகளில் ஆர்னெய்ஸ் என்ற வெள்ளைத் திராட்சை உண்டு. ஒரு காலத்தில் நெபியோலோ வரிசைகளுக்கு நடுவே பறவைகளுக்குப் படையலாக நட்டுவைத்தார்கள் என்பார்கள். அதனால் சிவப்புப் பழம் தப்பித்ததாம். மணம் நன்று, உடல் மெலிவு. காவி என்றோர் ஒயினும் உண்டு. பெயர்தான் காவி, நிறம் வெளிர் மஞ்சள். ஆனால் அது விளையும் இடம் ஆல்பாவிலிருந்து வெகு கிழக்கே. பேருந்துகளும் குறைவு, கார் இல்லாமல் கஷ்டம். கார் எடுத்தாலோ லிட்டருக்கு அரை கிராம் என்பதுதான் இத்தாலியில் ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு. உரிமம் பெற்று மூன்று வருடம் ஆகாதவருக்குச் சுழியம். துப்புவதற்குப் படிக்கம் ஒன்று எல்லா இடத்திலும் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவது அநாகரிகம் அல்ல, தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே. முதல் வருகையில் இது தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, மாலையில் கார்ச் சாவியை மனைவியிடம் நீட்டினேன். அதே பயணத்தில் முன்பதிவு செய்யாமல் போன ஒரு பண்ணையில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டேன். எழுதிக் கேட்காமல் லாங்கேயில் எந்தக் கதவையும் தட்டாதீர்கள்.

கியாந்தியை நான் மூன்றாவதாக வைப்பதில் டஸ்கனி ரசிகர்கள் வருந்துவார்கள். சிவப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சஞ்சோவேசே திராட்சையின் கூர்மையான புளிப்பு, ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு உடனே சொந்தமாகிவிடும். தக்காளிச் சாறும் வறுத்த இறைச்சியும் மேசையில் இருந்தால் இதைவிடப் பொருத்தமான ஒயின் அருகில் இல்லை. கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிக்கோ, 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்த பழைய பகுதியை மையமாகக் கொண்டது. வெறும் 'கியாந்தி' என்பது அதைச் சுற்றியுள்ள பரந்த வட்டாரம், வேறு பெயருரிமை, அதாவது அந்தப் பெயரில் எந்த ஒயினை விற்கலாம் என்ற சட்ட வரையறை வேறு. இன்னொரு குழப்பமும் உண்டு: மொந்தெபுல்சானோ என்பது டஸ்கனியில் ஓர் ஊர், அப்ருட்ஸோவில் ஒரு திராட்சை. முன்னதின் ஒயின் சஞ்சோவேசேயில் செய்வது, இரண்டுக்கும் உறவில்லை.

புட்டிச் சீட்டை நம்பலாமா என்பதற்கும் டஸ்கனிதான் பாடம். இத்தாலியின் பிரதமராக இருமுறை இருந்த பெத்தினோ ரிக்காசோலி, கியாந்தியில் என்னென்ன திராட்சை சேர்க்கலாம் என்று 1872இல் ஒரு கடிதம் எழுதினார். உடனே குடிக்கும் இலேசான ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளைத் திராட்சை சேர்க்கலாம் என்றார். நூறு வருடம் கழித்து அதுவே எல்லா ஒயினுக்கும் கட்டாய விதியாகிவிட்டது. அதற்குக் கட்டுப்பட மறுத்த திஞ்ஞானெல்லோ என்ற ஒயினும், பிரான்சின் போர்தோ வட்டாரத்துத் திராட்சையில் செய்த சஸ்ஸிகாயாவும் மிகத் தாழ்ந்த 'மேசை ஒயின்' என்ற சீட்டோடு வெளிவந்து, எல்லோரையும்விட அதிக விலைக்கு விற்றன. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சையே கூடாது என்று விதி மாறியது 2006இல்தான்.

வெள்ளை ஒயினுக்கு அங்கே சான் ஜிமிஞ்ஞானோவின் வெர்னாச்சா இருக்கிறது. 1966இல் இத்தாலியில் முதன்முதலாகப் பெயருரிமை பெற்றது என்ற பெருமை உண்டு. அந்தக் கோபுர ஊரில் சுற்றுலாக்காரர் கூட்டத்துக்கு நடுவே கையில் திணிக்கப்படும் கோப்பைகள் பெரும்பாலும் அந்தப் பெருமைக்கு ஈடில்லை. குடும்பத்தில் ஒயின் தொடாதவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் மட்டும் என் வரிசை தலைகீழாகும். அவர்களுக்கு டஸ்கனியில் ஓவியமும் தேவாலயமும் ஐஸ்கிரீமும் உண்டு. வால்போலிச்செல்லாவில் திராட்சை வற்றுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நாள் குறிப்பதற்கு முன் ஒன்று. ஏப்ரலில் வெரோனாவில் வினித்தாலி என்ற ஒயின் சந்தை நடக்கும்போது அறை கிடைக்காது. கோடையில் அரீனா என்ற பழைய ரோமானிய அரங்கில் ஓபரா நடப்பதால் விலை ஏறும். ஆல்பாவில் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் வெள்ளை டிரஃபிள் திருவிழா. காளானுக்காக மனிதர்கள் இப்படிச் செலவழிப்பதைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். நான் சொல்வது மே மாதம், அல்லது பழம் மச்சில் வற்றிக்கொண்டிருக்கும் நவம்பர்.

கடைசித் தேர்வு விமான நிலையத்துக்குப் போகும் முன் இரவு வரும். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வை இல்லாமல் கொண்டுபோகக் கூடியது இரண்டு லிட்டர். அதாவது முக்கால் லிட்டர் புட்டி இரண்டு. மூன்றாவது எல்லையைத் தாண்டிவிடும். மச்சான் கட்டிலில் ஐந்து புட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். ரிபாஸ்ஸோவை அன்றிரவே குடித்துத் தீர்த்தோம். ரெச்சோட்டோவை என் மனைவி எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். எளிய வால்போலிச்செல்லா பயணம் செய்யத் தேவையில்லை என்று நானே என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அமரோனேயைச் சென்னைக் கோடையில் திறக்க மாட்டேன், மார்கழிக்குத்தான் என்று சத்தியம் செய்து பெட்டியின் நடுவில் பழைய வேட்டியால் சுற்றி வைத்தார். மிச்சம் ஓர் இடம். அதில் போனது பொன்னிறமாக மூத்த அந்த வெள்ளை சோவாவே.